மழையை விட்டுவிடுங்கள், தடையை எடுத்துக்கொள்ளுங்கள்: காதல் படங்களிலிருந்து குறும்படம் திட்டமிட மொரீஷியஸ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமைகளில் ரோஸ் ஹில்லில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறும்பட வேலையில் கூடமாட உதவி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் கூட்டத்தில் "என்ன மாதிரிப் படம் எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பேன். பாதிக்கு மேல் காதல் படம் என்றுதான் பதில் வரும். அதில் மழை இருக்கும், ரயில் நிலையம் இருக்கும், கடைசி நிமிடத்தில் மூச்சிரைக்க ஓடி வரும் ஒரு பையன் இருப்பான்.

குறை சொல்லவில்லை. என் முதல் குறும்படத்தில் நானும் மழை பெய்ய வைத்தவன்தான். தோட்டத்துக் குழாயை மாமரத்தின் மேல் ஏற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தால், காதலர்களுக்குப் பின்னால் அம்மா உலர்த்திய துணிகள் சுள்ளென்ற வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. மழைதான் வேண்டுமென்றால் க்யூர்பிப் போய் உட்காருங்கள், கேட்காமலே பெய்யும். ஆனால் நமக்குப் பிடித்த படத்தில் நம்மை அழ வைத்தது அந்த மழை இல்லை. எது அழ வைத்தது என்று கண்டுபிடித்து, அதை நம் ஊருக்குக் கொண்டு வருவதுதான் வேலை.

எட்டு நிமிடத்துக்குள் அடங்கும் படம், கையில் இருக்கும் ஃபோன், நான்கைந்து நண்பர்கள். இவ்வளவுதான் கைவசம் என்று வைத்துக்கொள்கிறேன். போகப் போக ஒரு கதையையும் சேர்ந்தே கட்டலாம்.

1. மூன்று படங்கள், மூன்று முறை

மூன்று படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, வசனம் மனப்பாடமாகத் தெரிந்த படம். இரண்டாவது, உங்கள் அப்பா அம்மா பிறப்பதற்கு முன் வந்த படம். மூன்றாவது, உங்களுக்குக் கொஞ்சமும் புரியாத மொழிப் படம். பழைய படத்தில் செல்ஃபோன் இருக்காது; ஒருவரையொருவர் தேடுவதற்கே கால் மணி நேரம் ஆகும், அந்தத் தேடலைக் காட்ட என்னென்ன வித்தை செய்தார்கள் என்று தெரியும். புரியாத மொழிப் படத்தில் காது வேலை செய்யாது, கண் நன்றாக வேலை செய்யும்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை பாருங்கள். முதல் முறை சும்மா, ரசிகராக. இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு. யார் யாருடைய பார்வையைத் தவிர்க்கிறார்கள், யார் முதலில் நகர்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாம் முறை ஃபோனைக் கவிழ்த்து வைத்து வெறும் சத்தத்தை மட்டும். இது சலிப்பாக இருக்கும், ஆனால் விடாதீர்கள். பின்னணி இசை எங்கே வருகிறது என்பதைவிட எங்கே வராமல் இருக்கிறது என்பது காதில் விழும்.

நோட்டில் எழுத வேண்டியது மூன்றே விஷயம்: என் மூச்சு எங்கே நின்றது, அப்போது திரையில் என்ன இருந்தது, அதற்கு முன் எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள். மூன்றாவதை முக்கால்வாசிப் பேர் எழுதுவதில்லை. அணைத்துக்கொள்ளும் காட்சி மனதில் நிற்கிறது என்றால், அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அணைத்துக்கொள்ள விடாமல் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

2. இருவரையும் பிரித்து வைப்பது எது?

காதல் படத்தில் காதல் எப்போதும் ஒன்றுதான். மாறுவது தடை. நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, நீங்கள் பார்த்த படத்தில் இருவருக்கும் நடுவே எது நிற்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "சமூகம்", "விதி" என்றெல்லாம் எழுதினால் செல்லாது. கேமராவில் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

1996-இல் வந்த அகத்தியனின் 'காதல் கோட்டை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் தொலைந்த ஒரு பெண்ணின் சான்றிதழ்களை ஒருவன் கண்டெடுத்து அனுப்புகிறான். அங்கிருந்து கடிதம், கடிதத்திலிருந்து காதல். ஊட்டிக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையே உள்ள தூரம் மட்டும் தடை என்று நினைப்போம். அது பாதிதான். முகம் தெரியாது என்பதுதான் உண்மையான தடை. ஒரே ஊருக்கு வந்த பிறகும், பக்கத்தில் நின்றும்கூட, அடையாளம் தெரியாமல் கடந்து போகிறார்கள். தூரம் போன பின்னும் தடை போகவில்லை பாருங்கள், அங்கேதான் படம் இருக்கிறது.

மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) வேறு மாதிரி. இருவரும் ஒரே வீட்டில், டில்லியில், கணவன் மனைவி. என்ன பரிசு வேண்டும் என்று கணவன் கேட்கிறான், அவள் விவாகரத்து கேட்கிறாள். வெளியே இருந்து ஒரு வில்லனும் வரவில்லை. இறந்துபோன ஒரு காதலின் நினைவுதான் தடை. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களை இவ்வளவு தூரத்தில் வைக்க முடியும் என்று காட்டிய படம்.

'இதயம்' (1991) இன்னும் உள்ளே போகிறது. சொல்லவே முடியாத ஒருவன், அவ்வளவுதான். 2018-இல் வந்த '96'-இல் காலம்தான் தடை. இருபத்திரண்டு வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள், அவளுக்குக் குடும்பம் இருக்கிறது, விடிந்தால் விமானம். அந்த இரவில் அவர்களுக்குள் நடப்பது பெரும்பாலும் பேச்சுதான், ஆனால் ஒரு நொடிகூடத் தளர்வில்லை.

பழைய ஆங்கிலப் படம் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: டேவிட் லீன் இயக்கிய 'ப்ரீஃப் என்கவுன்டர்' (1945). திருமணமான இருவர், ரயில் நிலையத்துத் தேநீர்க் கடை, வியாழக்கிழமை தோறும் சந்திப்பு. கடைசியாகப் பிரியும் நேரம். இனி வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. அந்தச் சில நிமிடம் பார்த்து, அவளுக்குத் தெரிந்த வம்புக்காரப் பெண்மணி ஒருத்தி வந்து உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசத் தொடங்குகிறாள். ரயில் வந்துவிடுகிறது. அவன் எழுந்து, அவள் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் விடை பெறுதல்.

இந்தப் படத்தை நம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் அறை முழுக்கச் சிரிப்பு. "சேர், இந்த அம்மா எங்கள் தாந்தீன் மாதிரியே இருக்கிறாள்!" தாந்தீன் என்றால் இங்கே அத்தை, சித்தி. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிடும், இந்தத் தடை நம் ஊரில் வேர் பிடிக்கும் என்று.

3. அந்தத் தடை இந்தத் தீவில் நிற்குமா?

மாணவர் படங்கள் பெரும்பாலும் விழுவது இந்தக் கட்டத்தில்தான். சென்னைக்கோ பாரிஸுக்கோ எழுதிய தடையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மொரீஷியஸில் வைப்பார்கள். அது நிற்காது.

நம் தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. காதலி எங்கே போய்விட்டாள் என்று தேடி அலைய இங்கே இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு பஸ் மாறினால் தீவே முடிந்துவிடும். விலாசம் தெரியவில்லை என்றால் அவள் குடும்பப் பெயரைச் சொல்லி எந்தக் கோயிலில் கேட்டாலும் விலாசத்தோடு அவள் தாத்தா கதையும் கிடைக்கும். ஆகையால் தொலைந்துபோன காதலியைத் தேடும் கதை இங்கே பொய்யாகத்தான் தெரியும்.

ஆனால் இதைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். பெரிய நகரத்துக் காதலர்களின் கஷ்டம் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. நம் காதலர்களின் கஷ்டம், யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியவில்லை என்பது. காத்ர் போர்ன் சந்தையில் ஒரு பையனோடு பத்து நிமிடம் நின்று பேசினால், வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். கடற்கரையில் உட்கார்ந்தால் மாமா வீட்டுப் பிக்னிக் பஸ் அங்கேதான் வந்து நிற்கும். இது நமக்கே உரிய தடை. இந்தச் சுரங்கத்தில் எவ்வளவோ இருக்கிறது, தோண்டத்தான் ஆள் இல்லை.

ரயில் நிலையம் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்க் காதல் படத்துக்கு ரயில் இல்லாமல் ஆகாது. இங்கே 1864-இல் ரயில் வந்தது. 1956-இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அறுபது வருடத்துக்கு மேல் மொரீஷியஸில் யாரும் பிளாட்பாரத்தில் நின்று கையசைக்கவில்லை. இப்போது போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வழியாக க்யூர்பிப் வரை மெட்ரோ ஓடுகிறது. சரி, ரயில் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு ஓடிவரும் காட்சியை எழுதிவிடாதீர்கள். மெட்ரோவில் விடை பெற்றால் இருபது நிமிடத்தில் அடுத்த ஊர். நாளைக்கும் பார்க்கலாம். மெட்ரோ நிலையம் பிரிவதற்கான இடமில்லை. பலர் பார்க்கும்படி தினமும் காத்திருக்கும் இடம்.

நம் தீவில் உண்மையான பிரிவு கடலும் விமானமும்தான். இது புதிதும் இல்லை. 1788-இல் பெர்னார்தன் த சென்பியேர் எழுதிய 'போல் எ விர்ஜினி' நம் தீவில் நடக்கும் காதல் கதை. சேர்ந்து வளர்ந்த இருவர். அவளைப் பிரான்ஸுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வரும்போது கரைக்கு எதிரிலேயே கப்பல் உடைந்து மூழ்குகிறது. 1744-இல் உண்மையிலேயே உடைந்த சென் ஜெரான் கப்பலை வைத்து எழுதியது. க்யூர்பிப்பில் இருவருக்கும் சிலையே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கட்டாயத்துக்குப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். இப்போது தடையைத் தேடும் கண்ணோடு திரும்பப் படியுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் மேற்படிப்புக்குக் கிளம்புவதும் அதே தடைதான். கப்பலுக்குப் பதில் விமானம்.

இன்னொரு தடை, நம் கோயில்களில் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்குக் கொடி ஏறியதும் பத்து நாள் விரதம். காவடி எடுக்கப்போகும் பையன், அந்தப் பத்து நாளும் அவன் விரதத்தை மதித்துத் தள்ளி நிற்கும் பெண். கைகூடத் தொட மாட்டார்கள், யாரும் தடுக்கவில்லை, அவர்களாகவே ஏற்றுக்கொண்ட தடை. ஒரு மாணவி இந்தக் கருவைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எடுப்பது மட்டும் கவனமாக எடுக்க வேண்டும்: கோயில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஊர்வலத்துக்குள் நடிகர்களை நுழைக்கக் கூடாது, அலகு குத்தியிருப்பவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டக் கூடாது.

நம் மாதிரிக் கதைக்கு 'ப்ரீஃப் என்கவுன்டர்' தடையையே எடுத்துக்கொள்வோம். பள்ளிப் படிப்பு முடித்த இருவர். நாளை அவள் விமானம் ஏறுகிறாள். இன்று ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்தில் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது. ஒரு தாந்தீன் வருகிறாள்.

4. ஒரே ஒரு சந்திப்பு

இரண்டரை மணி நேரப் படத்தை எட்டு நிமிடமாகச் சுருக்காதீர்கள். சுருக்கினால் டிரெய்லர்தான் மிஞ்சும்: சந்திப்பு, பாட்டு, சண்டை, பிரிவு, சேர்தல், எல்லாம் ஒவ்வொரு நிமிடம். எட்டு நிமிடத்தில் ஒரு சந்திப்பைத்தான் முழுதாகக் காட்ட முடியும். அதற்கு முன் நடந்தது பார்வையாளர் ஊகிக்க, பின்னால் நடப்பது அவர் வீட்டுக்குக் கொண்டுபோக.

ஒன்லைன், அதாவது ஒரே வாக்கியத்தில் கதை, எழுதுங்கள். நம்முடையது: "கடைசிப் பத்து நிமிடத்தில் காதலைச் சொல்ல வந்த இருவர், நடுவில் வந்து உட்கார்ந்த தாந்தீன் முன்னாலேயே, அவளுக்குத் தெரியாமல் சொல்லிவிடுகிறார்கள்." எப்படிச் சொல்கிறார்கள் என்பது இன்னும் தெரியாது. பரவாயில்லை, எப்படி என்ற கேள்வி ஒன்லைனிலேயே இருந்தால் அது நல்ல ஒன்லைன்.

5. கையில் ஒரு பொருள்

பார்த்த படங்களில் பொருள்களைத் தேடுங்கள். 'மௌன ராக'த்தில் கொலுசு. '96'-இல் பொருள்கூட இல்லை, ஒரு பாட்டு. அவன் கேட்கக் கேட்க அவள் பாடாத 'யமுனை ஆற்றிலே'. படம் முழுக்கத் தள்ளிப்போட்டு, மின்சாரம் போன இருட்டில் அவள் பாடத் தொடங்கும்போது அது வெறும் பாட்டாக இல்லை. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தில் ஒரு கார்க் கதவு. கண் தெரியாத பூக்காரி கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டு இவனைப் பணக்காரன் என்று நினைத்துவிடுகிறாள். பேசாத படத்தில் ஒரு சத்தத்தின் மேல் கதையை நிறுத்தினார். கடைசியில் கண் வந்த பிறகு அவள் அவனை அடையாளம் காண்பது கையைத் தொட்டு.

இவற்றை எடுக்கக் கூடாது. கொலுசை எடுத்தால் 'மௌன ராகம்' என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எடுக்க வேண்டியது முறையை: ஒரு பொருள் முதலில் சாதாரணமாக வர வேண்டும், நடுவில் ஒருமுறை கைமாறவோ மறுக்கப்படவோ வேண்டும், கடைசியில் வரும்போது அதே பொருள் வேறாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் அப்படி ஒரு பொருள் தேடி அலைய வேண்டாம். தால் பூரி, அதாவது பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டி. கடையில் கேட்டால் ஒன்றாகத் தர மாட்டார்கள், ஜோடியாகத்தான் தருவார்கள். இரண்டை அடுக்கி, அவரைக்கொட்டைக் கறியும் சட்னியும் வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுக்கும் அந்த ஜோடியை விடக் காதல் படத்துக்குப் பொருத்தமான பொருள் வேறு என்ன இருக்கிறது? இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

நம் கதையில் இப்படி வைப்போம். தினமும் ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கு ஒன்று தின்பது அவர்கள் பழக்கம். இன்றும் பையன் ஒரு ஜோடி வாங்கி வருகிறான். தாந்தீன் வந்து உட்காருகிறாள். மரியாதைக்கு "எடுத்துக்கொள்ளுங்கள் தாந்தீன்" என்று நீட்டுகிறான். அவள் எடுத்துக்கொள்கிறாள்! அவன் பங்கு போய்விட்டது. மிஞ்சிய ஒன்று பெண்ணின் கையில். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் அதைக் குனிந்து பார்க்காமலே மெல்ல இரண்டாகக் கிழிக்கிறாள்.

6. ஷாட்டைப் பிரித்துப் பார்ப்பது

பிடித்த படத்தில் மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, ஷாட் மாறும் ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி எழுதுங்கள்: யார் முகம், எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை விநாடி. பக்கத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல அறையை வரைந்து கேமரா எங்கே நின்றது என்று புள்ளி வையுங்கள். ஒரு மாலை போதும். எந்தப் புத்தகமும் இவ்வளவு கற்றுத் தராது.

வோங் கார்வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000) இதற்கு நல்ல பாடம். ஹாங்காங்கில், 1962-இல், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த இருவர். தங்கள் கணவனும் மனைவியும் தங்களை ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த ஏமாற்றும் இருவரின் முகத்தைப் படத்தில் காட்டுவதே இல்லை. முதுகு, குரல், அவ்வளவுதான். மாணவர்களுக்கு இது வரப்பிரசாதம். அம்மா அப்பாவாக நடிக்க நாற்பது வயது ஆளைத் தேடி அலைந்து, கடைசியில் ஒட்டுமீசை வைத்த நண்பனை நிறுத்தும் அவலம் வேண்டாம். ஃபோனில் வரும் அம்மாவின் குரல் போதும். முகம் தெரியாத பெற்றோர் இன்னும் பெரியவர்களாகத் தெரிவார்கள்.

லிங்க்லேட்டரின் 'பிஃபோர் சன்ரைஸ்' (1995) படத்தில் வியன்னா இசைத்தட்டுக் கடையின் சின்ன அறைக்குள் இருவரும் நின்று ஒரு பாட்டுக் கேட்கிறார்கள். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் வேறு பக்கம் பார்க்கிறார். வெட்டே இல்லாமல், ஒரே ஷாட். இதிலிருந்து நாம் எடுக்க வேண்டியது இசைத்தட்டுக் கடையை அல்ல. நெருக்கமான இடம், நகர முடியாத இருவர், அசையாத கேமரா. அதையே மெட்ரோ நிலைய பெஞ்சில் வைத்து, நடுவில் தாந்தீனை உட்கார வையுங்கள். மூவரும் ஒரே ஃபிரேமில், நேர் எதிரே, இடுப்புக்கு மேல் தெரியும் அசையாத மிட் ஷாட். தாந்தீன் இந்தப் பக்கம் திரும்பும்போது அந்தப் பக்கக் கண்கள் பார்க்கின்றன. பார்வையாளர் தாமாகவே எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுத்துக்கொள்வார். குளோஸ்அப்பைப் பூரியைக் கிழிக்கும் கைக்கு மட்டும் வைத்திருங்கள். எல்லா இடத்திலும் குளோஸ்அப் வைத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க ஒன்றும் மிஞ்சாது.

அதே படத்தின் முடிவில், இரவெல்லாம் அவர்கள் நடந்த இடங்களை ஆளில்லாமல், காலை வெளிச்சத்தில் வரிசையாகக் காட்டுவார்கள். மெட்ரோ போன பிறகு காலி பெஞ்சையும் கசங்கிய காகிதத்தையும் நாமும் ஒரு ஷாட் வைக்கலாம். ஒன்று போதும்.

7. எந்த மொழியில் காதலிப்பது?

மாணவர் திரைக்கதைகளில் என்னைப் பெரிதும் உறுத்துவது வசனம்தான். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளைகள், படத்தில் மட்டும் கோடம்பாக்கத் தமிழ் பேசுவார்கள். "உன்னை நேசிக்கிறேன்" என்று க்யூர்பிப்பில் யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. அதற்காகத் தமிழே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ் எங்கே இயல்பாக வருமோ அங்கே வரட்டும்: கோயிலில், பாட்டியிடம், தமிழ் வகுப்பில், கேலிக்கு, தாந்தீனுக்குப் புரியக் கூடாத ரகசியத்துக்கு. காதலர்கள் கிரியோலும் தமிழும் கலந்து பேசட்டும், கீழே தமிழில் எழுத்து ஓடட்டும்.

கிரியோலில் 'கொந்தான்' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். தால் பூரி பிடிக்கும் என்பதற்கும் அதே சொல்தான், உன்னைக் காதலிக்கிறேன் என்பதற்கும் அதே சொல்தான். ஒன்லைனில் நின்ற "எப்படிச் சொல்கிறார்கள்" என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிட்டது. தாந்தீன் வாய் நிறைய மென்றுகொண்டே பெண்ணைக் கேட்கிறாள்: "தோ கொந்தான்?" பிடித்திருக்கிறதா என்று பூரியைத்தான் கேட்கிறாள். பெண் தாந்தீனுக்கு அப்பால் பையனைப் பார்த்து, "மோ கொந்தான்" என்கிறாள். தாந்தீன் தலையாட்டுகிறாள், அந்தக் கடைப் பூரி எப்போதுமே நன்றாக இருக்கும் என்கிறாள்.

இந்த வசனத்தை வேறெந்த ஊரிலும் எழுத முடியாது. இங்கிலாந்து ரயில் நிலையக் கதையிலிருந்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம்.

8. வெளிச்சம், கரும்பு, காற்று

மாலை வெயிலில் எடுக்க ஆசைப்படுவீர்கள். ஜூனில் இங்கே ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். டிசம்பரில் அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அஸ்தமனத்துக்குப் பின் இருட்டு சீக்கிரம் கவியும், அரை மணி நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கரும்புத் தோட்டம் லொக்கேஷன் என்றால் காலண்டரைப் பாருங்கள். மே, ஜூனில் வெள்ளைப் பூ விட்டு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். பிறகு வெட்டு தொடங்கிவிடும், வருடக் கடைசி வரை நடக்கும். ஒரு குழு பாதியை ஜூனில் எடுத்துவிட்டு, மீதியைப் பரீட்சைக்கு அப்புறம் எடுக்கலாம் என்று ஆகஸ்டில் போனார்கள். தோட்டம் மொட்டையாகக் கிடந்தது. காதலர்கள் ஒளிந்துகொண்ட இடத்தில் ஒரு டிராக்டர் நின்றது.

கடற்கரையில் வசனம் வேண்டாம், முக்கியமாகக் குளிர்காலத்தில். தென்கிழக்குக் காற்று மைக்கை விடாது. வேறு வழியில்லை என்றால் நடிகரின் சட்டைக்குள் இன்னொரு ஃபோனை வைத்துக் குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்திவிடலாம். நிலையத்தில் எடுத்தாலும் இதே முறைதான். ஆளில்லாத நேரத்தில் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள், வெட்டுகளை மூட உதவும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் கடை விளக்கும் டியூப் லைட்டும் திரையில் துடிக்காது. ஃபோனின் வழக்கமான கேமராவில் இதை மாற்ற முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது. வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு எடுங்கள்.

மெட்ரோ நிலையத்தில் எடுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள், மூன்று வாரம் முன்னாலேயே. கிடைக்காவிட்டால் ஒரு பஸ் நிறுத்தத்து பெஞ்ச் போதும். நம் கதைக்கு வேண்டியது பெஞ்சும், வரப்போகும் வண்டியின் சத்தமும்தான்.

9. பாட்டும் உரிமையும்

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். போட்டி விழாவில் நிராகரிப்பார்கள், யூடியூபில் ஏற்றினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, இளையராஜா பாட்டைப் போட்டால் அழுகை அந்தப் பாட்டுக்குச் சேரும், உங்கள் படத்துக்கு இல்லை. வீட்டில் ஒரு ரவான் மேளம் இருந்தால், விரலால் மெல்லத் தட்டி நீங்களே பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் இசையே வேண்டாம்.

ஒரு கதையின் கருவை, தடையை, கட்டமைப்பை யாரும் எடுத்தாளலாம். பதிப்புரிமை அவற்றுக்கு இல்லை. வசனம், காட்சி, இசை ஆகியவற்றை அப்படியே எடுப்பதுதான் குற்றம். முடிவு எழுத்துகளில் எந்தப் படம் உங்களுக்கு வழிகாட்டியது என்று ஒரு வரி போடுவது நல்ல பழக்கம்.

10. நடிப்பவர்கள்

மூலப்படத்தை ஒளிப்பதிவு செய்பவருக்குக் காட்டுங்கள், நடிகர்களுக்குக் காட்டாதீர்கள். இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு. ஆனால் '96' பார்த்துவிட்டு வந்த பையன் விஜய் சேதுபதி மாதிரித் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பான், அதைப் பிரித்து எடுக்க இரண்டு நாள் ஆகும்.

தொடும் காட்சி எதுவானாலும் இருவரிடமும் தனித்தனியாக முன்னரே கேட்டு, எழுதி வைத்து, அதற்கு மேல் ஓர் அங்குலமும் போகாதீர்கள். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். நம் கதையில் தொடுதலே இல்லை என்பதால் இந்தத் தலைவலி மிச்சம்.

தாந்தீன் வேடத்துக்கு நடிகை தேட வேண்டாம். உங்கள் உறவிலேயே ஒருவர் இருப்பார். வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி கேமராவை ஓட விடுங்கள். நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும்.

11. சொல்லிப் பாருங்கள், பிறகு எடுங்கள்

ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு, நீங்கள் பின்பற்றிய படத்தை நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, படத்தின் பெயரைச் சொல்லாமல் உங்கள் கதையை மட்டும் சொல்லுங்கள். "இது அந்தப் படம்தானே?" என்று உடனே கேட்டால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள். "இது எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது" என்று சொன்னால் பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள்.

எடுக்கும் நாளுக்கு ஒரே ஒரு குறிப்பு. தால் பூரியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். நல்ல கடையில் மதியத்துக்கு மேல் மிஞ்சாது. ஒவ்வொரு டேக்குக்கும் புது ஜோடி வேண்டும், கிழித்த பூரியை ஒட்ட முடியாது. பத்து டேக் என்று கணக்குப் போட்டால் பன்னிரண்டு ஜோடி வாங்குங்கள். கறியைத் தனியாகப் பாத்திரத்தில் வாங்கி, எடுக்கும் சமயத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பூரி ஊறிப்போய் முதல் இழுப்பிலேயே பிய்ந்துவிடும். தாந்தீனாக நடிப்பவருக்குக் காலைச் சாப்பாடு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.